கீப்பர் அண்ணனின் கைகள்

கேலரி சரிந்த அன்று நீங்கள் ஒவ்வொருவரும் எங்கே இருந்தீர்கள் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். சைக்கிள் கடைக்காரர் மகன் மூன்றாம் படியில் இருந்தான். முழங்காலுக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கும், வேட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். பேக்கரி வீட்டு இரட்டையர் டிக்கெட் எடுக்காமல் கேலரிக்கு அடியில் புகுந்து, மற்றவர்களின் கால்களுக்கு இடையே ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒன்றுக்குப் போக வெளியே வந்தார்கள். வராமல் இருந்திருந்தால் நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போட இன்றைக்கு ஆள் இருந்திருக்காது.

போன வாரம் அந்த இரட்டையரில் ஒருவன், ‘அந்த சீசன்ல நாமதான் கிளப்பைக் காப்பாத்தினோம்’ என்று ரோஜாப்பூ வைத்து எழுதினான். ஆளாளுக்குக் கைதட்டினீர்கள். நானும் கைதட்டும் படம் ஒன்றை அழுத்தினேன். அழுத்திவிட்டு உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. நாம் எல்லோரும் அறுபதைத் தாண்டியாயிற்று. முட்டிக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மூடியபடியே போய்ச் சேர வேண்டியதுதான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பெண் பிள்ளைக்கு ஃபுட்பால் மைதானத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கிளப்பின் செயலாளர் என் அத்தா. மேலும், கேட்டவர்களை நான் கடித்துவிடுவேன். உங்களில் நாலு பேருக்காவது என் பல் பட்டிருக்கிறது.

மாவட்ட லீக்கில் நாம் இரண்டாம் டிவிஷன். அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது. கடைசி இடத்துக்குப் போனால் லீக்கை விட்டே வெளியே. கிளப்புக்குப் பணம் சேர்க்கலாம் என்று அத்தா ஒரு போட்டி நடத்தினார். சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, பலகை போட்டுக் கேலரி எழும்பியது. உச்சிப் படிக்கு டிக்கெட் கம்மி. அதனால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கூலி வேலை முடித்து நேராக வந்தவர்களெல்லாம் உச்சியில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் மழையில் கயிறு நனைந்திருந்தது. மூன்றாம் நாள் நம் ஆள் ஒரு கோல் போட்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்தோம்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முதலில் ஒரே ஒரு கம்பு முறிந்தது, அதன் பின் மொத்தமும். கீழே இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. உச்சியில் இருந்தவர்களுக்குக் கால், இடுப்பு, ஒருவருக்குத் தாடை. அன்று சாயங்காலமே தலைவராக இருந்த அரிசி மில்காரர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அடிபட்டவர்களின் சொந்தக்காரர்கள் அத்தாவின் மண்டிக்கு வந்து தராசை உடைத்தார்கள். அத்தா குறுக்கே விழுந்தார். கணக்கெழுதும் மேசையோடு சேர்த்து அவரையும் உதைத்தார்கள். உதடு கிழிந்து, அந்த ரத்தத்தோடு நின்று, “குடுக்கறேன், ஒருத்தர் வுடாம குடுக்கறேன்” என்று அத்தா கத்தியதை நான் புளி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தேன்.

மாவட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சீசன் முடிந்த ஒரு வாரத்துக்குள் அடிபட்டவர்களுக்கு ஈடு கொடுத்து ரசீது காட்டாவிட்டால் கிளப்பின் பெயர் நீக்கப்படும். அத்தா அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். தொழுகைக்குக் குனியும்போது அது விழும், எடுத்து மறுபடி வைப்பார். கிளப் போனால் அவரும் போய்விடுவார் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அந்த நாட்களில் அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

இப்போது கீப்பர் அண்ணனைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஒரு ஊர் அவருக்கு. அத்தாவின் மண்டிக்கு மலைச்சரக்கு வரும், புளியும் கடுக்காயும். அங்கே லோடு இறக்க வந்தவர். லாரிமேலிருந்து எறியும் புளிச் சிப்பத்தை மார்பில் வாங்காமல் இரண்டு உள்ளங்கையில் ஏந்தி, சத்தமில்லாமல் கீழே வைப்பார். அதைப் பார்த்துத்தான் அத்தா அவரைக் கோலுக்கு நடுவில் நிறுத்தினார். டவுன் பையன்கள் யார் கேப்டன் என்று அடித்துக்கொண்டபோது, அத்தா அவரையே கேப்டனும் ஆக்கினார். மலையிலிருந்து வந்தவரைப் பார்த்து யாருக்கும் பொறாமை வராது என்பது அத்தாவின் கணக்கு. மரியாதையும் வராது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகவே அவர் என் நாலு கோடு நோட்டில் பெயர் எழுதிப் பழகினார்.

அந்த வருஷம் நாம் கடைசி இடத்தின் விளிம்பில் இருந்தோம், கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. பக்ரீத் வியாழக்கிழமை. குர்பானி ஆட்டின் தோல்கள் வழக்கமாகப் பள்ளிவாசலுக்குப் போகும், விற்ற காசு ஏழைகளுக்கு. அத்தா ஜமாத்தில் எழுந்து நின்று கேட்டார்: “தோல் காசு ஏழைக்குத்தானேங்க போவணும்? இடுப்பு ஒடிஞ்சி படுத்துக்கினு கீறான், அவன் ஏழை இல்லன்னா வேற யாருங்க ஏழை?”

 பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி தாடியைத் தடவிக்கொண்டு, “இந்த ஒரு வருஷம். ரசீது என் கைக்கு வரணும்” என்றார்.

தோலை வழக்கமாக வாங்கும் ஏஜெண்டுக்கு இது தெரிந்ததும் பாதி விலை சொன்னார். உப்புப் போடாத தோல் அரை நாளில் நாறிவிடும், நமக்கு வேறு வழியில்லை என்று அவருக்குத் தெரியும். அத்தா கோபத்தில் ஒரு முடிவெடுத்தார். நாமே உப்புப் போட்டு நாமே ஆம்பூருக்கு லாரி ஏற்றுவோம். கிளப்பில் உப்புப் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர். மண்டிக்கு வருமுன் ஆம்பூரில் இரண்டு வருஷம் தோல் வேலை பார்த்தவர். கீப்பர் அண்ணன்.

மூன்று நாள். மண்டியின் பின்பக்கக் குடோனில் தோல்கள் வந்து விழுந்தபடி இருந்தன. வெதுவெதுப்பு ஆறாத தோல்கள். நாம் வீடு வீடாகப் போய் இழுத்து வந்தோம். அவர் கொழுப்பை வழித்து, கல் உப்பை உள்ளங்கையால் ஓரம் வரைக்கும் தேய்த்து, மடித்து அடுக்கினார். நாய்கள் கதவைப் பிறாண்டின. கூரை முழுக்கக் காக்கை. எலும்புச் சில்லும் கத்தியும் கிழித்த இடத்தில் உப்பு ஏறும். அவர் கையை உதறுவார், மறுபடி தேய்ப்பார்.

இரண்டாம் நாள் ஏஜெண்டின் ஆட்கள் ஆறு பேர் தோல் உரிக்கும் கத்தியோடு வந்தார்கள். அடுக்கைக் கிழித்துவிட்டால் சரக்கு செல்லாது. அன்றைய சண்டையைப் பற்றி நீங்கள் குழுவில் எழுதாத நாளில்லை. என் அண்ணனுக்குக் காது கிழிந்தது. கறிக்கடை மாமா ஒருவனைத் தராசுக் கல்லால் தோளில் அடித்தார். நான் ஒருவனின் மணிக்கட்டைக் கடித்து, பல்லில் உரோமம் ஒட்டியபடி தொங்கினேன். கடைசியில் அவர்களைத் தெருமுனை வரை துரத்தி, சாக்கடையில் தள்ளி, மேலே நின்று உதைத்தோம். ஒருவன் அம்மா அம்மா என்று கூப்பிட்டான். அவன் குரலைப் போலவே பேசிக் காட்டி நாம் இரண்டு நாள் சிரித்தோம். ஞாபகம் இருக்கிறதா?

திரும்பி வந்தபோது கீப்பர் அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். “சண்டைக்கு வரல?” என்று என் அண்ணன் கேட்டான். “ஆறிப்போச்சின்னா உப்பு புடிக்காதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தோலை விரித்தார். பயந்தாங்கொள்ளி என்று நாம் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தா ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பியிருந்தார். “ஜெயிச்சாத்தான் கிளப்! டிரா ஆனாலும் கிளப் இல்ல! ஊர் மானம் உங்க கையில!” ஆட்டோ தெருவைக் கடக்கும்போது அம்மா கேட்டாள், “நெஜமாவே ஜெயிச்சாத்தானா?”

அத்தா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: “ஒரு பாயிண்ட் போதும். டிரா பண்ணாலே நின்னுடுவோம். அத சொன்னா எவன் வருவான்? சூடு இருந்தாத்தான் கூட்டம் வரும்.”

நான் பல் தேய்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். இதைக் கேட்டேன். நன்றாகக் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீப்பர் அண்ணன் டீக்குப் பின்வாசலுக்கு வந்தார். டம்ளரை வாங்கும்போது அம்மா அவர் கையைப் பார்த்துவிட்டாள். உள்ளங்கை முழுக்க வெள்ளை வெள்ளையாக வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாக இருந்தது. டம்ளரை விரல் நுனியால் பிடித்திருந்தார். அம்மா உள்ளே போய் விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். “ஊத்தி வுடுடி. பாவம், வெந்துபோய் கீது.”

நான் ஊற்றினேன். அவர் இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார். எண்ணெய் வெடிப்புகளில் இறங்கியது.

“எரியுதா?” என்று கேட்டேன்.

“இல்ல பாப்பா. மூணு நாளைக்கி இப்பதான் தேவல.”

புட்டியில் பாதி தீரும்வரை ஊற்றினேன். நல்ல பெண் என்று பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசைதான். அவர் துண்டில் துடைத்து, ஆட்டத்துக்கு முன் மைதானத்து மண்ணையும் அள்ளித் தேய்த்துக்கொண்டார். விளக்கெண்ணெய் அதற்கெல்லாம் போகாது.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து எதிரணி வந்தது. அவர்களின் ஆட்கள் டிராக்டர் டிரெய்லரில், ஆளுக்கு இரண்டு முழுக் கரும்போடு. கடிக்க ஒன்று, அடிக்க ஒன்று. ஆட்டம் தொடங்கும் முன்பே கோட்டுக்கு அப்பாலிருந்து கட்டைக் கரும்பு பறந்து வந்தது, நாம் செங்கல் துண்டால் பதில் சொன்னோம். இடைவேளைக்குள் நாம் இரண்டு கோல். தாசில்தார் அலுவலகத்து பியூன் தன் சட்டையைக் கழற்றிக் கிழித்தே போட்டார், சந்தோஷத்தில்.

அப்புறம் வெயில். மேற்கே கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புழுதி. வியர்வை வழிந்து கீப்பர் அண்ணனின் கைக்கு வந்தது. அவர்களின் முதல் கோல், உயரமாக வந்த ஒரு சாதாரணப் பந்து. பிடித்தார், பின்பக்கமாக நழுவி உள்ளே போனது. கூட்டம் சிரித்தது. இரண்டாவது, கிட்டத்தட்ட நடு மைதானத்திலிருந்து வந்தது. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தினார். நான் கோலுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன், பந்து அவர் கையில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அது கீழே வழுக்கி, கால்களுக்கு நடுவே மெதுவாக உருண்டு, கோட்டைத் தாண்டி நின்றது. பதறிப்போய்த் திரும்பி விழுந்து பிடித்தார். விசில் ஊதியாயிற்று. கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. இரண்டுக்கு இரண்டு.

ஒரு பாயிண்ட் கிடைத்துவிட்டது. கிளப் பிழைத்துவிட்டது. அது அந்த மைதானத்தில் அத்தாவுக்கும், கமிட்டியில் இரண்டொருவருக்கும், எனக்கும் மட்டும்தான் தெரியும். அத்தா ரெஃப்ரியைத் தோளில் அணைத்தபடி மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் அறைக்கு விரைந்துகொண்டிருந்தார். கூட்டம் கோலை நோக்கி ஓடியது.

முதலில் பிடித்தவர் கறிக்கடை மாமா. சட்டையைப் பிடித்தவர் கையையும் பிடித்தார். பிடி வழுக்கியது. தன் விரல்களை முகர்ந்து பார்த்தார்.

“எண்ணெ! கையில எண்ணெ தடவிக்கினு நிக்கறான்டா! வித்துட்டான்டா நம்பள!”

“எவன்டா குடுத்தான்? எவ்ளோடா வாங்குன?”

“நம்ப சோத்த துன்னுட்டு, மலையில இருந்து வந்த நாய்...”

கீப்பர் அண்ணன் திரும்பத் திரும்ப எல்லோர் முகத்தையும் பார்த்தார். நான் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். மண்டி பாய் என்று ஊரே கூப்பிடும் என் அத்தாவின் வீட்டுப் பின்வாசல், பாயின் மனைவி, அவர் மகள். கீப்பர் அண்ணனின் மனதில் என்ன ஓடியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

“யாரும் குடுக்கலீங்க. நானாதான் தடவிக்கினேன்” என்றார்.

அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்டிருக்காது. கார்னர் கொடிக் கம்பைப் பிடுங்கினார்கள். எதிரணிக்காரர்கள் விட்டுப்போன கரும்பு இருந்தது. செருப்பு இருந்தது. அவர் முகத்தை மூடிக்கொண்டார், அதனால் கை வெளியே இருந்தது. யாரோ வலது கையை இழுத்துக் கோல் கம்பத்தில் வைத்து அழுத்தினார்கள், யாரோ செங்கல்லால் இறக்கினார்கள். யார் என்று கேட்டு இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம். பேக்கரி வீட்டு இரட்டையர் ஆளுக்கொரு காலைப் பிடித்திருந்தீர்கள். சைக்கிள் கடைக்காரர் மகன் பம்ப்பால் அடித்தான்.

நான் கல் எறிந்தேன். காதோரம் பட்டது. ரத்தம் வந்ததைப் பார்த்து இன்னொன்றும் எறிந்தேன். பயந்து எறிந்தேன், மாட்டிக்கொள்வேன் என்று எறிந்தேன் என்றெல்லாம் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லோரும் ஒரே ஆளை அடிக்கும்போது அந்த எல்லோரில் ஒருத்தியாக இருப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சாயங்காலம் அத்தா மண்டிக்கு வந்து மைப்பெட்டியை எடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். சைக்கிளில் போகும்போது, தானாகவே சொல்லிக்கொண்டு வந்தார். கூட்டம் கலவரம் செய்ததாக ரெஃப்ரி எழுதினால் அந்தப் பாயிண்ட் போய்விடும். அதனால் ஜன்னலைச் சாத்தி, கையைப் பிடித்துக் கெஞ்சி, ‘ஆட்டம் அமைதியாக முடிந்தது’ என்று எழுத வைத்துவிட்டார். “சத்தம் கேட்டுக்கினேதான் இருந்துச்சி” என்றார். பெடலை மிதித்தபடி கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, “கேட்டுக்கினேதான் இருந்துச்சி” என்றார். இன்னும் ஒன்றுதான் பாக்கி. கேப்டன் கையெழுத்து.

கீப்பர் அண்ணன் வராந்தா பெஞ்சில் சாய்ந்திருந்தார். ஒரு கண் மூடியிருந்தது. வலது கை முழுக்கக் கட்டு. அத்தா தாளை நீட்டியதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“பாயிண்ட்ட நம்ப பேருக்கு எழுதிட்டாங்களா பாய்?”

“எழுதிட்டாங்கடா.”

“அப்போ கிளப்பு நின்னுடும்ங்களா?”

“நின்னுடும்.”

“அப்போ சரிங்க” என்று இடது கையை நீட்டினார். நான் மைப்பெட்டியைத் திறந்து பிடித்தேன். அந்தக் கையில் இன்னும் எண்ணெய் இருந்ததால் மை ஒட்டவில்லை. என் பாவாடையால் அவர் கட்டைவிரலைத் துடைத்தேன். இரண்டாம் தடவை நன்றாக விழுந்தது. அத்தா அதை ஊதிக் காயவைத்து, மடித்து, “அடுத்த வருஷமும் நீதான்டா கீப்பர்” என்றார். கீப்பர் அண்ணன் என்னைப் பார்த்து, “பாப்பாவுக்கு பாவாடையெல்லாம் மையி ஆயிடுச்சி” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஊர்ப்பேச்சு அம்மாவின் காதுக்கு வந்தது. எண்ணெய் யார் வீட்டு எண்ணெய் என்று அவளுக்குத்தானே தெரியும். என்னை உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அப்புறம் அதே கையால் என் வாயைப் பொத்தினாள். “சொன்னியா? யார் கிட்டயாவது சொன்னியா?” இல்லை என்று தலையாட்டினேன். “சொல்லாத. என் பேரு இதுல வந்தா நான் இந்த ஊர்ல இருக்க முடியாது” என்று அழுதாள். அத்தா சாகும்வரை அவரிடம் இதை அவள் சொல்லவில்லை. வீட்டில் விளக்கெண்ணெய் வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

தோல் நல்ல விலைக்குப் போனது. ஒன்றுகூட நாறவில்லை, அப்படி உப்பிட்டிருந்தார். அடிபட்டவர்கள் எல்லோருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது, முத்தவல்லி ரசீதுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புதுத் தலைவராக ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். ஜெர்சி வந்தது, வலை வந்தது, உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு புது கீப்பரும் வந்தார்.

அதற்குள் நான் பெரிய மனுஷியாகிவிட்டேன், மைதானத்துக்குப் போவது நின்றுவிட்டது. கிளப்பின் அறை மண்டிக்கு மேல் மாடியில். புது சீசனின் முதல் நாள், தலைவர் கீப்பருக்குக் கையுறை வாங்கி வந்திருக்கிறார் என்று ஒரே சத்தம். அப்படி ஒன்றை நாம் யாரும் நேரில் பார்த்ததில்லை. நான் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். மேசைமேல் பச்சை நிறத்தில், உள்ளே பஞ்சு வைத்தது போல, ஒரு ஜோடி.

அப்போதுதான், ஆஸ்பத்திரியிலிருந்து தன் ஊருக்குப் போயிருந்த கீப்பர் அண்ணன் மலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். தோளில் மஞ்சள் பை, சலவைச் சட்டை. அடுத்த வருஷமும் நீதான் என்று சொன்னதை நம்பி வந்திருந்தார்.  அறையில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். அத்தா கணக்கு நோட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். புது கீப்பருக்கு விஷயம் எதுவும் தெரியாது. “நீங்க ஆடனவராண்ண? போட்டுப் பாருங்க” என்று கையுறையை எடுத்து நீட்டினார்.

அவர் பையைக் கீழே வைத்தார். இடது கையில் போட்டார், சரியாக இருந்தது. விரல்களை மடக்கிப் பார்த்து, சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். அப்புறம் வலது கை. நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைப் பக்கம் வளைந்தபடியே நின்றுபோயிருந்தன. நுழைத்தார். போகவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பிடித்து நுழைத்தார். விட்டதும் திரும்ப வளைந்துகொண்டன. யாரும் உதவிக்குப் போகவில்லை. அவர் நிதானமாகக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, தூசி தட்டி, புது கீப்பரிடம் கொடுத்தார்.

“நல்ல சாமானுங்க. எனக்குத்தான் சைஸ் கம்மி” என்றார்.